லம்பு அண்ணே எடுத்த காது

பினாங்குத் தீவில் சூரியனோடு கோபித்துக்கொண்டு, நாள்கணக்கில் பேசாமல் இருந்த ஒரே மனிதர் எங்கள் லம்பு அண்ணேதான். மழை பிடித்துக்கொண்டால் அவருடைய போட்டோ கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘சூரியன் வந்த பிறகு நானும் வருவேன்.’

லம்பு என்றால் மலாயில் விளக்கு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சுங்கை பினாங் அடுக்குமாடியில் அது யாருக்கும் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு தொழிற்சாலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் மாடியின் கடைசி வீட்டில் அவர் தனியாகக் குடியிருந்தார். கடை கீழே சாலையோரத்தில்.

அங்கே ஐசி என்னும் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் மூடுவார். பிறகு ஆளைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

“என்னாண்ணே, எடுக்கலையா?”

“வெளிச்சம் இன்னும் வரலைலா தம்பி.”

“வெளியில கொளுத்துதே.”

“அது வெயிலு. நான் கேக்குறது வெளிச்சம்.”

ஒரு லோரி டிரைவர் காத்திருந்து காத்திருந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். சரியாக அப்போது இமைகளின் மேல் அற்புதமான வெளிச்சம் விழுந்ததாம். அண்ணே எடுத்துவிட்டார். படத்தைப் பார்த்த அதிகாரி, “இவரு எப்போ தவறினாரு?” என்று டிரைவரிடமே கேட்டிருக்கிறார்.

போட்டோ போதாதென்று சிற்பத்திலும் இறங்கினார். உடைந்த பஸ் கண்ணாடி, மோட்டார் சைக்கிளின் சிவப்பு விளக்கு மூடி, வண்ணப் போத்தல் துண்டுகள் எல்லாவற்றையும் கம்பியில் கோத்து எங்கள் நடைபாதையில் தொங்கவிட்டார். துணி காயப்போடும் இடம் அது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்பா, இந்தக் குப்பைய எப்ப எடுப்ப?”

“இது செலைக்கா. வெளிச்சத்துல செஞ்ச செலை. காலையில வந்து பாருங்க.”

“காலையில பாத்தா மட்டும் என்ன, குப்ப முழிச்சிக்கிட்டு இருக்குமா?”

காலை வெயில் பட்டால் அதிலிருந்து சிவப்பும் பச்சையுமாக ஒளித்திட்டுகள் கிளம்பி எதிர் புளோக்கில் உலா போகும். அதில் ஒரு சிவப்புத் திட்டு, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் சமையலறைச் சுவரில் தினமும் போய் நிற்கும். அவர் அதற்கு ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுபத்தி கொளுத்த ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் பால்கனிக்கு வந்து, சாமி இன்னும் வரவில்லையே என்று மலாயில் சத்தம் போட்டார். அண்ணே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முக்காலியில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

“இந்தப் புளோக்குல கலை புரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்லா” என்றார் என்னிடம்.

இந்த நிலையில்தான் என் அக்கா கமலாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் கிராணி. பெண்ணின் போட்டோ உடனே வேண்டும் என்று தரகர் வந்து நின்றார். சீனப் பெருநாள் நேரம், டவுனில் எல்லா ஸ்டூடியோவும் அடைப்பு. வேறு வழியில்லாமல் அக்காவை லம்பு அண்ணேயிடம் அனுப்பிய அம்மா, கூடவே போய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“மொகம் தெரியணும் தம்பி. முழுசா தெரியணும்.”

“கவலப்படாதீங்கக்கா.”

படம் எங்கள் கைக்கு வந்தது. எங்கும் ஒரே கறுப்பு. நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு காது, ஒரு ஜிமிக்கி, காதோரம் கொஞ்சம் முடி. அம்மா படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் காதுதான்.

“மொகம் எங்கப்பா?”

“இருக்குக்கா. இருட்டுல இருக்கு.”

“இருட்டுல இருக்குற மொகத்த எவன் கட்டிக்குவான்?”

அதற்குள் தரகர் இன்னொரு பிரதியைக் கடையிலேயே உறையோடு வாங்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறிவிட்டார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “காது நல்லாத்தாம்மா இருக்கு” என்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் படையாகத் திரண்டு வந்தார்கள். முகத்தை மறைத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டுமே. மாப்பிள்ளையின் அத்தை, அக்காவைச் சுற்றி நடந்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

“மொகத்துல ஒரு கொறையும் இல்லையே” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மாப்பிள்ளை அன்று பேசியது ஒரே வாக்கியம்: “காது போட்டோவுல பாத்த மாதிரியேதான் இருக்கு.” அக்கா சிரித்துவிட்டது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

ஆனாலும் அம்மா அண்ணேயை மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்கு டவுனிலிருந்து வேறு போட்டோக்காரரை ஏற்பாடு செய்துவிட்டு, அண்ணே வீட்டுக் கதவைத் தட்டினார். “நீ வா, சாப்புடு. கேமராவ மட்டும் வீட்டுல பூட்டிட்டு வா.” அவரும் வெறுங்கையோடு, வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

தண்ணீர்மலை பக்கம் ஒரு மண்டபம். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜன்னல்கள் எல்லாம் மேடையிலிருந்து தள்ளி, பின்கோடியில். மேடை கும்மிருட்டு. டவுன் போட்டோக்காரரின் ஃபிளாஷ் ஒருமுறை மின்னிவிட்டுப் படுத்துவிட்டது. “கழுத்து எங்க இருக்குன்னே தெரியலையே, நேரம் வேற போவுது” என்று ஐயர் முணுமுணுத்தார். மாப்பிள்ளை கையில் தாலியோடு குத்துமதிப்பாகக் குனிந்தபோது, “அண்ணே, அது நான்” என்று அவருடைய தங்கையின் குரல் கேட்டது.

லம்பு அண்ணே எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினார். பெரிய எவர்சில்வர் தாம்பாளங்களோடு திரும்பி வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்து வாசல்படியில் நிறுத்தினார். இன்னொன்றோடு மாப்பிள்ளையின் பெரியப்பாவை மண்டபத்தின் நடுவில் நிறுத்தினார். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு தானே வெளியே, வெயிலுக்குப் போனார்.

அவர் தட்டிலிருந்து என் தட்டுக்கு, என் தட்டிலிருந்து பெரியப்பாவின் தட்டுக்கு வெளிச்சம் தாவியது. பெரியப்பா தடுமாறினார்.

“வெளிச்சம் சமையக்காரரு மேல விழுதுங்க” என்றார் அத்தை. “அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு.”

பெரியப்பா தட்டை மெல்லச் சாய்த்தார். வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, வாழைமரத்தில் ஏறி, அக்காவின் முகத்தில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்த முகம் மட்டும் தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மேளம் கொட்டியது.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு வெளியே எட்டிப் பார்த்தேன். அண்ணே இன்னும் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். முடிந்துவிட்டதென்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“தாலி கட்டியாச்சா தம்பி?”

“ஆச்சுண்ணே. அக்கா அவ்வளவு அழகா இருந்துச்சு.”

“நான் அதக் கேக்கலைலா. வெளிச்சம் எப்படி?”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா வந்துவிட்டார். தட்டை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். புதுப்பட்டுச் சேலையின் முந்தானையால் அண்ணேயின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, “வா தம்பி, எலை போட்டிருக்கு” என்றார்.

லம்பு அண்ணேயின் கண்கள் கலங்கியிருந்தன. சூரியனைப் பார்த்துக்கொண்டே நின்றதால் என்று சொன்னார். அம்மாவும் ஆமாம் என்றார்.