நாகி பாட்டிலில் குடிக்க மறுப்பது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தகுமா அவர்களுக்கு,

கூரைப் பனி சரிந்து விழும் சத்தத்தில் தெருப்பூனைகள் அலறி ஓடும் இந்தப் பருவத்தில், யோக்கொஹாமாவில் தாங்களும் தங்கள் பெற்றோரும் தேக சௌக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீகாத்தாவில் நாங்களும் சௌக்கியம். மதோகா நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்கள் மகள் நாகியும் நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் தாயிடம் மட்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மதோகாவை, குழந்தைக்குப் பாட்டில் பழகியதும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். மதோகா கறந்து வைக்கும் பாலை நீங்கள் புகட்டினால்தான் அவளும் கொஞ்சம் தூங்குவாள், அதற்காகவே அலுவலகத்தில் விடுப்பும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். நியாயமான ஏற்பாடு. மறுப்பு சொல்ல நான் யார்? ஆனால் பாட்டில் பழகவில்லையே, மாப்பிள்ளை.

முதலில் நீங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் பாட்டில். தப்பாக நினைக்கக்கூடாது, அதை நான் கழித்துவிட்டேன். சாக்கே மது ஆலையில் ஓய்வு பெறும்வரை பாட்டில் சோதனையில் நின்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்குக்கு எதிரே பிடித்து ஒரு சுற்று, பிறகு காதருகே வைத்து நகத்தால் ஒரு சுண்டு. நல்ல பாட்டில் ‘டிங்’ என்று பதில் சொல்லும், விரிசல் விட்டது மழுப்பும். உங்கள் பாட்டில் ‘டொக்’ என்றது. கேடான ரசாயனம் எதுவும் கலக்காத பிளாஸ்டிக் என்று பெட்டியில் போட்டிருப்பதை மதோகா மூன்று தரம் படித்துக் காட்டினாள். இருக்கலாம், கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறது, ஆனாலும் சுண்டினால் பதில் சொல்லாத பாட்டிலை எந்த தைரியத்தில் பேத்தி வாயில் வைப்பது? அதனால் பஸ் ஏறி நாகாஓக்கா போய், குழந்தைச் சாமான் கடையில் கண்ணாடி பாட்டில்களை வரிசையாகச் சுண்டிக்கொண்டு வந்தேன். அங்கே வேலை செய்யும் பெண் ஓடி வந்துவிட்டாள். “தாத்தா, கடையில தட்டிப் பாக்கக்கூடாது” என்றாள். “வீட்டுக்குக் கொண்டுபோய் தட்டி, சரியில்லன்னா உன்கிட்டதான் திரும்ப வருவேன், பரவாயில்லையா?” என்று கேட்டேன். அவள் மேனேஜரைக் கூப்பிடப் போன இடைவெளியில் மிச்ச வரிசையையும் முடித்துவிட்டேன். அதில் நல்ல குரலுள்ள ஒன்றை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் மருத்துவச்சி நெமோதோ அம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பாட்டில் எதுவானாலும் சரி, நிப்பிள்தான் முக்கியம் என்றுவிட்டார். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் துளை சின்னதாக இருக்க வேண்டுமாம், பால் தானாக வாயில் கொட்டினால் அப்புறம் தாயிடம் உழைத்துக் குடிக்கச் சோம்பல் வந்துவிடுமாம், அடிப்பாகம் அகலமாக, மெத்தென்று இருக்க வேண்டுமாம், ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்து, கிழிசலோ பிசுபிசுப்போ இருந்தால் குப்பையில் போட்டுவிட வேண்டுமாம். “கொடுக்கறப்ப பிள்ளைய நிமித்தி வெச்சுக்குங்க. அம்மா பக்கத்துல இருந்தா அந்த வாசனைக்கே அடம் பிடிக்கும், வேற யாராவது கொடுங்க” என்றார். வேறு யாராவது என்றால் நான்தானே.

பிறகு நாட்டோ விவகாரம். ஆலையில் சாக்கே காய்ச்சும் குளிர்காலம் முழுக்க நாங்கள் யாரும் நாட்டோவைத் தொடமாட்டோம், அந்தப் புளித்த சோயாவின் கிருமி கையோடு உள்ளே வந்தால் தொட்டி முழுக்கப் பாழ். பாட்டில் இருக்கும் இடத்தில் நாட்டோ கிடையாது என்று வீட்டிலும் உத்தரவு போட்டேன். உங்கள் மாமியார் ஃபுசா உடனே தலையாட்டினாள், அதிலிருந்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். மறுநாள் காலை துணி உலர்த்தும் அறையில் தாயும் மகளும் கிண்ணமும் கையுமாக, உதட்டிலிருந்து நாட்டோவின் பிசின் நூல் தொங்க உட்கார்ந்திருந்தார்கள். “அப்பா, இது சாக்கே தொட்டி இல்ல, கொழந்த” என்றாள் மதோகா. “தொட்டிக்கே அவ்ளோ ஜாக்கிரதைன்னா கொழந்தைக்கு எவ்ளோ வேணும்?” என்றேன். “நீங்க ரிட்டயர் ஆனது எனக்குத் தெரியும், அந்த ஆலைக்கும் தெரியும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லல” என்றாள் ஃபுசா. இப்படித்தான் மாப்பிள்ளை, இங்கே என் மரியாதை.

என் வேலையில் குறை சொல்ல முடியாது. பாட்டிலைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பாலை ஊற்றி, வெந்நீரில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். உடம்புச் சூடு. சாக்கேயை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவருவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இதில் மட்டும் நெமோதோ அம்மாளும் என் கட்சி. நாகியும் வாயைத் திறந்துகொண்டு தயாராகத்தான் இருப்பாள். கடைசிச் சோதனையாக, கொதித்ததில் விரிசல் விட்டிருக்குமோ என்று அவள் முகத்துக்கு மேலேயே பிடித்து ஒரு சுண்டு சுண்டுவேன், ‘டிங்’ என்று சுத்தமாகப் பேசும். உடனே ஆரம்பிப்பாள் பாருங்க, மொகம் சுருங்கி, கை ரெண்டையும் விரிச்சி, ஊரே கூடிடும். நிப்பிளை மாத்திப் பாத்துட்டேன், உக்கார்ற எடத்த மாத்திப் பாத்துட்டேன், மதோகாவோட சட்டையத் தோள்ல போட்டுக்கிட்டும் பாத்துட்டேன். அழுகைதான். இப்பல்லாம் நான் பாட்டிலோட வர்றதப் பாத்தாலே உதடு பிதுங்குது.

ஆகவே எனது தாழ்மையான முடிவு: குழந்தைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. மதோகா செர்ரி பூக்கும்வரை இங்கேயே இருக்கட்டும். நெல் நடவுவரை இருந்தாலும் எங்களுக்குச் சிரமம் ஒன்றுமில்லை. உங்கள் விடுப்பைத் தள்ளிப்போட முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். இது முழுக்க முழுக்கக் குழந்தையின் நலம் கருதிச் சொல்வது, இதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை.

தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் அம்மாவின் முழங்கால் இந்த வசந்தத்திலாவது அவர் பேச்சைக் கேட்க வேண்டிக்கொள்கிறேன். தாங்களும் மதோகா இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறோம் என்று கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
ஹொன்மா தொமோஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஃபுசாவின் மடியில் நாகி. வாயில் நீங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் பாட்டில், நான் கழித்த அதே ‘டொக்’ பாட்டில், அடிவரை காலி. “எப்படிக் குடிச்சா?” என்றேன். “சுண்டல. அவ்வளவுதான்” என்றாள். நம்பாமல் வாசலில் நின்றபடியே கண்ணாடி பாட்டிலை மெதுவாக ஒரு சுண்டு சுண்டினேன். தூங்கப் போன குழந்தை முகத்தைச் சுருக்கி வீறிட்டது. ஃபுசா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள். எதையும் சுண்டாதீர்கள்.

வேறு எண்ணம் இல்லை என்றதும் பொய். வீடு வெறிச்சோடிவிடும், அதுதான். கண்ணாடி பாட்டில் மட்டும் இங்கேயே இருக்கட்டும், நாகி அடுத்த முறை வரும்போது வேண்டுமே. அப்போது அவள் டம்ளரில் குடிப்பாள் என்கிறாள் மதோகா. இருக்கட்டும், கொதிக்க வைத்து மூடி வைக்கிறேன்.