மலையேறிய சாட்சி

வருகிற சனிக்கிழமை மலையேறுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் முழுக்க எனக்குத்தான். அதை நடத்த விடுகிற அதிகாரம் மட்டும் என் மனைவி பரிபூரணத்திடம் இருக்கிறது.

“பூரணம், சனிக்கிழமை நான் மலையேறப் போறேன்.”

தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மொட்டை மாடியில காயுத துணியை எடுத்துட்டு வாங்கன்னா மூச்சு வாங்குது. மலையேறப் போறீயளோ?”

“டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காருல்லா?”

“அவரு தெருவுல நடக்கச் சொன்னாரு.”

“தெருவுல நாய் கெடக்கு.”

“மலையில?”

மலையில் யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. அதையெல்லாம் அவளிடம் சொல்வேனா? “நல்ல காத்து இருக்கு,” என்றேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மலைமேல் ஒரு ஆசையும் கிடையாது. வேலை ராஜபாளையம் நூல் மில்லில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். பார்த்தால் போதாதா, ஏறி வேறு தொலைய வேண்டுமா? விஷயம் என்னவென்றால், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் முறை வைத்து வீடு வீடாகக் கூடுவார்கள். எந்த வீட்டில் கூடுகிறார்களோ, அந்த வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அதாவது, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் விவரிக்க வேண்டும்.

மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற ஆள் நான். ஆனால் கூட்டத்தைக் கண்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். போன தடவை எழுந்தேன். கும்பிட்டேன். “ஆமென்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்த என் மச்சினன் ரிச்சர்ட், “அத்தான் சாட்சி சொல்லல, தந்தி அடிச்சுட்டாரு,” என்றான். சபையே குலுங்கியது. இன்றைக்கும் கோயில் வாசலில் என்னைக் கண்டால் சின்னப் பிள்ளைகள்கூட “தந்தி மாமா” என்கிறார்கள். இன்னொரு தடவை எழுந்து நின்றால் என் மானம் மிஞ்சாது.

“சனிக்கிழமை நம்ம வீட்டுல கூட்டம்,” என்றாள் பூரணம்.

“அடடே! அன்னைக்கா? மறந்தே போச்சே!” நெற்றியில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது. “பாரஸ்ட் ஆபீசுல பெர்மிஷன் வாங்கியாச்சே பூரணம். இனி மாத்த முடியாது. பக்கத்து வீட்டுப் பால்ச்சாமியும் வாரான்.”

“எந்த வழியாப் போறீய?”

இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். தட்டிலிருந்த தோசையை நடுவே இழுத்தேன்.

“இந்தா, இதுதான் மலை. இந்த ஓரம் செண்பகத்தோப்பு செக்போஸ்ட். இப்படிக்கா ஏறி, மரத்துக்குள்ளயே போயி, ஓடையைத் தாண்டி, அப்படிக்கா எறங்குனா...” என் விரல் தோசையை ஒரு சுற்றுச் சுற்றியது. “போன வழியில திரும்பாம, கிளம்புன எடத்துக்கே வந்துரும். வட்டப்பாதை!”

“கிளம்புன எடத்துக்கே வாரதுக்கு என்னத்துக்குக் கிளம்பணும்?”

“அதுதான அதோட அழகு!”

“நடுவுல வேற எங்கயும் வழி பிரியாதா?”

“பிரியாது.”

“அப்ப எறங்குனா செக்போஸ்ட்டுக்குத்தான் வரணும்.”

“வந்துதான ஆகணும்.”

“சரி, போயிட்டு வாங்க,” என்று மலையின் அடிவாரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இவ்வளவு சுலபமாகச் சரி என்று அவள் சொன்னது எங்கள் கல்யாணத்தில்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சனிக்கிழமை விடியும்போது எலுமிச்சம்பழச் சாதம் கட்டித் தயாராக இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல் வேறு. ரிச்சர்டின் பட்டாளத்து பூட்ஸைக்கூட வாங்கி வைத்திருந்தாள். “பாத்துப் போங்க, கூட்டத்தை நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள். மெதுவாக இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு வீடு சேர்ந்தால், கூட்டம் கலைந்து முறுக்குத் தட்டுக்கூடக் காலியாகியிருக்கும். இதுதான் என் கணக்கு.

மலை என்னை அன்போடு வரவேற்றது என்று சொல்ல மாட்டேன். ஓடையைத் தாண்டுவதற்குள் என் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. பால்ச்சாமி காட்டோரம் தோப்பு வைத்திருக்கிற ஆள். வீட்டு முற்றத்தில் உலாத்துகிற மாதிரி முன்னால் போனான். மரங்கள் அடர்ந்து இருட்டிக்கொண்டு வந்த இடத்தில், தலைக்கு மேலே கிளை மடமடவென்று ஆடியது. என் உச்சந்தலையில் ணங்கென்று ஏதோ விழுந்தது.

“கர்த்தாவே! சிறுத்தை!”

அடுத்து நான் எங்கே இருந்தேன் என்றால், பால்ச்சாமியின் முதுகில்.

“அண்ணாச்சி.”

“ஓடுலே! ஓடு!”

“அண்ணாச்சி, அது அணிலு.”

கழுத்தை மட்டும் நீட்டி மேலே பார்த்தேன். சாம்பல் நிற மலை அணில். பூனையைவிடப் பெரிசு. தான் கடித்துப் போட்ட மாங்காய் எங்கே போயிற்று என்று என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

“பால்ச்சாமி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். இது வெளியில தெரியக் கூடாது.”

“சத்தியமா வெளியாள் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மொதல்ல எறங்குங்க, கழுத்து வலிக்கு.”

வெயில் தாழ இறங்கி வந்தோம். செக்போஸ்ட் கண்ணில் படும் முன்பே பாட்டுச் சத்தம் கேட்டது. கேட்ட பாட்டாக இருந்தது. கைத்தட்டும் கேட்ட கைத்தட்டாக இருந்தது. செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பால்ச்சாமியின் மாந்தோப்பு. அங்கே நீலத் தார்ப்பாயை விரித்து எங்கள் சபை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நடுவில் முறுக்குத் தட்டு, நிறைய. நான் மலையிலிருந்து இறங்கிவிட்டேன், என் திட்டம் மலையேறிவிட்டது.

“ஏலே பால்ச்சாமி, ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

“மதினிதான் தோப்பைக் கேட்டாவ. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாவ. ரகசியம்னா நான் காப்பாத்துவேன் அண்ணாச்சி.”

பூரணம் சிரித்த முகமாக எதிரே வந்தாள். “வட்டமாச் சுத்துனா எங்க வந்து நிப்பீயன்னு நீங்கதான தோசையில காட்டுனீய?”

“வாங்க அத்தான்!” ரிச்சர்ட் கையைத் தட்டினான். “எந்திரிச்சு நில்லுங்க. இன்னைக்குத் தந்தியா, லெட்டரா?”

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தனை கண்ணும் என் மேல்.

“சும்மா கெட ரிச்சர்ட்,” என்றாள் பூரணம். “களைச்சுப் போயி வந்திருக்காவ. அவியளைப் பேசச் சொல்லி வதைக்க வேண்டாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மகராசியையா ஏமாற்ற நினைத்தேன்! அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முறுக்கையும் எடுத்துக் கடித்தேன்.

“அதான் கண்ணால பாத்த சாட்சியைக் கையோட கூட்டிட்டுப் போயிருக்காவல்லா,” என்று அவள் முடித்தாள். “பால்ச்சாமி தம்பி, அவியளுக்கு மலையில கர்த்தர் என்ன செஞ்சாருன்னு நீங்க சொல்லுங்க.”

நான் கண்ணைக் காட்டினேன். முறுக்கைக் காட்டினேன். கும்பிட்டும் காட்டினேன். பால்ச்சாமி என் காதோரம் குனிந்தான்.

“வெளியாள் ஒருத்தரையும் காணோமே அண்ணாச்சி. எல்லாரும் ஒங்க சபைக்காரவியதான?”

எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அது பாத்தீயன்னா... ஒரு அணிலு.”

“ஆமென்!” என்று கத்தினேன்.

“இருங்க அத்தான்,” என்றான் ரிச்சர்ட். “அவரு இப்பத்தான ஆரம்பிக்காரு.”