கறுப்பு ஒயர்

கச்சேரி தொடங்க இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது. நெர்மீன் மேடையில் மண்டியிட்டு மைக்கில் கறுப்பு ஒயரைச் செருகினாள்.

ஒலிப்பதிவில் இது அவளுடைய முதல் பொறுப்பு. முதலாளி முராத் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இன்ஸாஃப் அம்மாவுக்குப் பாம்புக் காது. ஜனங்க முன்னாடி பாடுறது ஒரு தடவதான், திரும்பப் பதிய முடியாது. அவங்க முகம் சுளிச்சாங்கன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

பாடகி இன்ஸாஃப் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். அலெக்சாந்திரியாவில் அவரைக் கண்டு நடுங்காத வாத்தியக்காரர் கிடையாது. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "பேசணும்னா என் மூஞ்சியப் பாத்துப் பேசு" என்பார்.

ஒரு வரி பாடினார். பதிந்ததை ஹெட்போன் மாட்டிக் கேட்டார். கண்கள் நெர்மீன் மேலேயே நின்றன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த ஒயர் சரியில்ல."

"ஆமாம்மா, எனக்கும் கேட்டுச்சு. கொசு மாதிரி" என்றார் முராத், ஹெட்போனே போடாமல்.

நெர்மீன் நீல ஒயரை மாட்டினாள். அம்மா மறுபடி பாடினார். நெர்மீனுக்குத் தன் ஹெட்போனில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. படித்த இயற்பியலும் அதைத்தான் சொன்னது. அப்படியென்றால் கோளாறு என் காதிலா? அவள் முகம் சுருங்கியது.

"இது அதவிட மோசம்."

"கொசு இல்லம்மா, வண்டு" என்றார் முராத்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஓடி, விலை உயர்ந்த தடித்த சிவப்பு ஒயரைக் கடன் வாங்கி வந்தார். அதை மாட்டும்போது நெர்மீனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டார். "இதுல பதியப் போறதா இருந்தா நான் பாடல."

முராத் தலையில் கைவைத்துக்கொண்டு மறுபடி வெளியே ஓடினார்.

ஷஹாத்தா மாமா, கானூனை மடியில் வைத்துத் தந்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாற்பது வருடமாக அம்மாவுக்கு வாசிப்பவர். மொச்சை வடை வைத்த தாமியா ரொட்டி ஒன்றை நீட்டினார்.

"சாப்பிடும்மா. உன் மொதலாளி ஒயர் தேடிக் கடலுக்குள்ளயே எறங்கிருவான் போல."

நெர்மீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனால் வேலைதானே. கைக்கு அகப்பட்ட ஒயரை மாட்டினாள். ரொட்டியை மென்றுகொண்டே, பாடுங்கள் என்று அம்மாவுக்குத் தலையாட்டினாள்.

அம்மா பாடினார், ஹெட்போனில் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இதுதான்! தேனா இருக்கு. இவ்வளவு நேரம் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"

எழுந்து இரண்டடி தள்ளி நின்று, முதுகைக் காட்டியபடி சால்வையை மடிக்கத் தொடங்கினார்.

நெர்மீன் குனிந்து பார்த்தாள்.

"மாமா," என்று கிசுகிசுத்தாள், "இது முதல்ல வேணாம்னு சொன்ன கறுப்பு ஒயர்."

"எல்லா ஒயரும் ஒண்ணுதான்!" மாமா மண்டபமே அதிரச் சிரித்தார். "அவ உன் மூஞ்சியப் பாத்துல்ல ஒயருக்கு மார்க் போட்டா! ராத்திரியும் இப்படியே சிரிச்சுக்கிட்டு உக்காரு, கெழவி ஜோராப் பாடுவா!"

நெர்மீன் பதறி அவர் வாயைப் பொத்தப் போனாள்.

"ஐயோ, மெதுவா மாமா! அம்மா இங்கயே நிக்கிறாங்க!"

"நிக்கட்டுமே. அவளுக்குக் காது கேட்டு ரெண்டு வருஷமாச்சு."