என் விக்கலைப் பற்றிய கட்டுரை விஷயமாக

லக்ஷ்மீபுரம், மைசூர்
ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி மாதம்

சென்னை வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர் மகா-ள-ள-ஸ்ரீ அவர்கள் சமூகத்துக்கு, தங்களை நேரில் கண்டறியாத செலுவநாராயணன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம், விக்கல் இல்லை. தங்கள் பத்திரிகையும் நோயாளிகளுக்குக் குறைவில்லாமல் நீடூழி நடக்க வேண்டும். தங்கள் பெயரைப் பார்த்துத் தமிழர் என்று தெரிந்துகொண்டதால் தமிழிலேயே எழுதத் துணிந்தேன். தங்களிடம் அச்சுக்குக் காத்திருக்கும் 'தீராத விக்கல்' கட்டுரையை எழுதியவர் எங்கள் டாக்டர் லிங்கப்பன். விக்கியவன் நான்.

ஆனி மாதம் மேல்கோட்டை போய்ப் புளியோதரை சாப்பிட்டு வந்த அன்று பிடித்த விக்கல், தூங்கும்போதும் விடவில்லை. யாரோ நினைக்கிறார்கள், அவர் பெயரைச் சொன்னால் நின்றுவிடும் என்று என் சம்சாரம் லக்ஷ்மம்மா தன் அண்ணாவில் ஆரம்பித்துச் சம்பந்திகள், நான் குமாஸ்தாவாக இருந்த இலாகாவின் பழைய துரைகள், கடைசியில் பரமபதித்தவர்கள் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிப் பார்த்தாள். ஆடி அமாவாசையன்று தர்ப்பண மந்திரம் பாதி வாயில், பாதி விக்கலில் போகவே, லிங்கப்பனைக் கூப்பிட்டோம். அவர் என் மார்பில் இரண்டு விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, உள்ளே ஒரு தசைத் திரை இருக்கிறது, அதுதான் துள்ளுகிறது என்றார். அறுபது வருஷமாக நான் குடியிருக்கும் உடம்பில் எனக்குத் தெரியாமல் ஒரு திரை! பிரமித்துப்போனேன். பிறகு ஒரு ரப்பர் பையை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கச் சொன்னார். விக்கல் நின்றது.

அதை அவர் கட்டுரையாக எழுதி எனக்குப் படித்துக் காட்டினபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைப்பாகை, உத்தியோகம், கோத்திரம் ஒன்றுமில்லாமல் வெறும் 'இந்து ஆண், வயது அறுபது' என்று நான் லோகத்துக்கெல்லாம் பொதுவானவனாகிவிட்டேன்! 'மத்திம புஷ்டியுள்ளவர்' என்ற இடத்தில் மட்டும் லக்ஷ்மம்மாவுக்குக் கோபம். "நான் போடற சாப்பாட்டுக்கு மத்திமம்னு பேரா?" என்று அன்று டாக்டருக்குக் காபியே கொடுக்கவில்லை.

கட்டுரை அச்சானால் சர்க்கார் அவரைச் சீமைக்கு மேல்படிப்புக்கு அனுப்பும். இந்தச் சமயத்தில்தான், பை வைத்த அதே வேளையில் வேறு சிகிச்சை ஏதாவது நடந்ததா என்று தாங்கள் கேட்டு எழுதினீர்கள். அவர் ஓடிவந்து, "ஸ்வாமி, ஸ்வல்ப யோசனை பண்ணிச் சொல்லுங்க, வேற மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"மருந்து இல்லே. பேர் சொன்னேன். வேங்கடேசன்னு."

வேங்கடேசன் எங்கள் ஒரே பிள்ளை. வக்கீலுக்குப் படிக்காமல் பம்பாயில் மில் மிஷின் பழுது பார்க்கப் போனான். படி ஏறாதே என்றேன். அதிலிருந்து அந்தப் பெயரை இந்த வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்பது என் உத்தரவு. அன்று என் வாயில் பை இருந்த தைரியத்தில் என் காதோடு சொல்லிவிட்டாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, பேரை நான் எப்படி எழுதறது? எத்தனை டோஸ்னு கேப்பாங்க!"

"ஒரு தரந்தான் சொன்னேன்."

அவர் யோக்கியர். மறைத்து எழுத மாட்டேன், கட்டுரையையே திருப்பி வாங்கிவிடுகிறேன் என்கிறார். ஐயா, அவரைக் கேட்காமல் நான் எழுதுவது அதைத் தடுக்கத்தான். பெயர் பலிக்க வேண்டுமானால் அதற்குரியவர் நம்மை நினைக்க வேண்டும். படி ஏறாதே என்று சொன்ன தகப்பனை எந்தப் பிள்ளை நினைப்பான்? நினைக்கவே மாட்டான். ஆகவே பெயர் செல்லாது, பைதான் காரணம். அந்தப் பெயரைக் கேட்டதும் என் நெஞ்சு ஒரு க்ஷணம் அடைத்துப்போனது நிஜம். அது சங்கடம், அதற்கும் சயின்ஸுக்கும் சம்பந்தமில்லை. கட்டுரையைத் தயவுசெய்து அச்சிட வேண்டும்.

தங்கள் குடும்பத்தாருக்கும், அச்சுக் கோப்பவர்களுக்கும் என் ஆசீர்வாதம். யாருக்கும் விக்கல் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்து ஆண், வயது அறுபது
(செலுவநாராயணன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. வேங்கடேசன். படியில் ஏறாமல் கீழேயே நின்றான். என்ன பேசுவதென்று தெரியாமல், "என்னை எப்பவாவது நினைச்சியாடா?" என்று கேட்டுவிட்டேன். "ஆனி மாசத்திலேர்ந்து தினம் நினைச்சேன்ப்பா, வரலாமா கூடாதான்னு. ஆடி அமாவாசை அன்னிக்குக் காலம்பற, என்ன ஆனாலும் வந்துடறதுன்னு தீர்மானம் பண்ணி லீவுக்கு எழுதிக் குடுத்தேன். அப்புறந்தான் மனசு அடங்கித்து. லீவு இப்போதான் கிடைச்சது" என்றான். "பார்த்தேளா!" என்றாள் லக்ஷ்மம்மா. அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். ஆளனுப்பி வரவழைத்த டாக்டர் லிங்கப்பன் இப்போது அவன் எதிரே உட்கார்ந்து, அன்று எத்தனை மணிக்குத் தீர்மானம் செய்தாய் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். மேலே நான் வாதாடியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கட்டுரையை நிறுத்திவைக்கவும். பிள்ளை தினமும் நினைத்திருக்கிறான், ஐயா. நான் அதை வியாதி என்று டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன்.