முதல் பெயராக என் மகளை எடுக்க வேண்டாம்

மிச்சம், லண்டன்
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய ஜெராட் அத்தான் அவர்கட்கு, மைத்துனன் சண்முகராசா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மிச்சம் ஊரில் என் முதுகைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே அக்காவும், அவவின் முழங்காலும், நீங்கள் நடத்தும் பார்க்கிங் ஊர் உதைபந்தாட்ட அணியும் தேறிவர அம்மனை மன்றாடுகிறேன்.

விடயம், வருகிற ஞாயிறு மண்டபத்தில் நடக்கும் வீரர் தெரிவு. எங்கள் தமிழ் லீக்கில் இம்முறை ஆணும் பெண்ணுமாகப் புதிதாய்ப் பதிந்த பிள்ளைகளை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராய் எடுக்கப் போகின்றன. போன வருடம் கடைசியாக வந்ததால் முதல் தெரிவு உங்களுக்கு. கடைசிக்கு முந்தி வந்ததால் இரண்டாவது எங்கள் மிச்சம் அணிக்கு. யார் யாரை எடுப்பார்கள் என்று மிச்சம் ரசிகர்கள் பதினொரு பேர் கௌசிகனின் கடையில் கூடி, பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதிப் பார்த்தோம். தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்பதிலேயே ஒத்துப்போகாத ஆக்கள், பதினொரு பேரும் ஒரே பெயரை எழுதினார்கள். பார்க்கிங் என் மகள் மேனுஷாவைத்தான் எடுக்குமாம். அவள் கோல்கீப்பர். எங்களிடம் இப்போது உள்ள கோல்கீப்பருக்குப் பந்து வந்தால் கண்ணை மூடுகிற பழக்கம். “அண்ணை, உங்கடை அத்தான்தானே. அவள் சரிவராது எண்டு ஒரு கடிதம் போடுங்கோவன், அவர் விட்டால் அவள் எங்களுக்குத்தான்” என்றான் கௌசிகன். ஆகையால் அவளுடைய குறைகளை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலாவது பிடிவாதம். போன ஞாயிறு கொட்டுகிற மழையில் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நாற்பது பெனால்டி அடிக்க வைத்தாள். இரண்டுதான் உள்ளே போனது, அதிலும் ஒன்று அவள் குனிந்து சப்பாத்துக் கட்டும்போது. என் முதுகு போனது அன்றைக்குத்தான். அடுத்தது வாய். அவள் நிண்டு கத்திற கத்துக்கு கூட விளையாடுற பெடியள் மட்டுமில்லை, எதிராளியும் சொன்ன இடத்திலை போய் நிக்கிறான். அக்காவின்ரை பிறந்தநாளிலை மேசையாலை சரிஞ்ச கேக்கைப் பாய்ஞ்சு பிடிச்சது ஞாபகம் இருக்கும், கேக் தப்பிச்சுது, அக்காவின்ரை சேலை தப்பேல்லை. இப்பிடிப்பட்ட பிள்ளையை வைச்சு என்ன செய்யப்போறியள்? பார்க்கிங் தூரமும் கூட. மிச்சம் மைதானம் எண்டால் வீட்டிலையிருந்து ட்ராமிலை ரெண்டு தரிப்பு, ஒவ்வொரு கிழமையும் நான் போய்ப் பாக்கலாம். உண்மையிலை அதுதான் என்ரை ஆசை அத்தான். நீங்கள் அவளோடை புதிசாப் பதிஞ்ச அஷ்வினை எடுங்கோ. நல்ல உயரமான பெடியன், ஒருத்தரோடையும் கதைக்கமாட்டான்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எங்களோடு மோதாத நாட்களில் எல்லாம் உங்கள் அணி வெல்லட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் சண்முகராசா

பி.கு.: உறையில் போடுமுன் மேனுஷா இதை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிக் கடைசிவரை வாசித்தாள். கோபிப்பாள் என்று பார்த்தால், “அப்பா, நான் நல்லா விளையாடுறன் எண்டு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இதிலை முழுக்க அதுதானே இருக்கு” என்றாள். கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு, “முதலாவதா என்ரை பேரை வாசிச்சா உங்களுக்கு விருப்பமில்லையா?” என்று கேட்டாள். பேனையைத் திரும்ப எடுத்தேன். அத்தான், மேலே உள்ளதெல்லாத்தையும் வெட்டிவிடுங்கோ. அவளையே எடுங்கோ. பேரைச் சத்தமாய் வாசியுங்கோ. மிச்சம் ஆக்களுக்கு நடுவிலை இருந்து நான் எழும்பிக் கை தட்டுவன், கௌசிகன் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.