ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்தொரு ஓட்டுப் போட்ட மாரியம்மாள்

தொகுதியின் பேரைச் சொன்னால் வம்பு. ஒரு பக்கம் வரிச்சிக்குடி வயல், மறுபக்கம் கடல் என்று காரைக்காலில் ஒரு தொகுதி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருபது வருஷமாகக் குடைச் சின்னத்தில் ஜெயித்துவந்த உறுப்பினர், 2006-ம் ஆண்டில், முழங்கால் வலியையும் ஜாதகத்தையும் உத்தேசித்து, இனி போட்டியிடுவதில்லை என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். காலியான இடத்துக்குக் குடைக் கட்சி சார்பில் சோமசேகரனும், மணிக் கட்சி சார்பில் கதிரவனும் மோதினார்கள். பதிவான ஓட்டு 15,594. அதில் கதிரவனுக்கு 7,953, சோமசேகரனுக்கு 7,641. தொகுதி கட்சி மாறிவிட்டது.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர் கைலாசநாதன், சுவரில் இருந்த பழைய படத்தைக் கழற்றிப் புதிய படத்தை மாட்டினார். அவர் மணிக்குத்தான் போட்டிருந்தார், உண்மையாகவே. கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக ஒரே முகத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதுவரை யார் வாயிலும் விழாமல், ஏனாமுக்கு மாற்றல் வாங்காமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம். ஆந்திரா ஓரத்தில் இருக்கிற ஏனாமும் நம்ம புதுச்சேரி அரசாங்கம்தான் என்பது காரைக்கால் ஊழியர்களுக்குச் சரித்திரப் பெருமை அல்ல, வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாச்சாரம்.

ஜெயித்த அன்றைக்கே கதிரவன் வீட்டில் சால்வை மலை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நம்ம தெரு ஓட்டு இருநூறும் உங்களுக்குத்தாங்க, அண்ணே." "பூவம் பக்கம் ஐந்நூறு நான் திருப்பினதுங்க." கதிரவன் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தார். அவருக்கு விழுந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டு நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியது. எழுத்தரைக் கூப்பிட்டனுப்பினார்.

"கைலாசம், எனக்கு நெசமா போட்டவங்களுக்குத்தான் இனிமே எல்லாம். யாரு போட்டதுன்னு எழுத்துல வேணும்."

"ரகசிய வாக்குங்களே, ஐயா?"

"ரகசியம்னு போட்டே வாங்குங்க."

அவ்விதமே ஆயிற்று. 'வாக்களித்தமைக்கான உறுதிமொழி, படிவம் ஒன்று' தயாரானது. 'இந்தத் தகவலின் ரகசியம் காக்கப்படும்' என்று அடியில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒவ்வொரு படிவத்திலும் சாட்சிக் கையெழுத்து கைலாசநாதனுடையது. அவருடைய படிவத்துக்கு மட்டும் கதிரவனே சாட்சி போட்டார். தன் படிவத்துக்குத் தானே சாட்சி சொல்ல விதி இடம் கொடுக்கவில்லை.

வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் நின்றது. குடைக் கட்சிக்குக் கொடி கட்டினவன், போஸ்டர் ஒட்டினவன், சாப்பாடு போட்டவன் எல்லாரும் வந்தார்கள். நாலாம் நாள் சோமசேகரனின் மனைவி தேவிகா வந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சோமசேகரனே வந்தார்.

"நீங்களுமாங்க?" என்றார் கைலாசநாதன்.

"கடைசி நிமிஷத்துல மனசு கேக்கலைங்க," என்றார் தோற்ற வேட்பாளர். "மகன் வேலை விஷயமா ஒரு மனு இருக்கு."

இப்படியாக 15,593 படிவங்கள் வந்து சேர்ந்தன. பாக்கி ஒன்று.

அந்த ஒன்று மாரியம்மாள். கடற்கரைக் குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள். மார்க்கெட்டில் கூரைக்கு உள்ளே சிமெண்டு மேடைகள் இருக்கின்றன, மூன்று காலியாகவே கிடக்கின்றன. அவளோ ஆறு வருஷமாக வெளியே, உச்சி வெயிலில், தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணிக்கு மீன் தளர்ந்துபோகும், பதினொன்றுக்கு விலை தளர்ந்துபோகும், பன்னிரண்டுக்கு அவளே தளர்ந்துபோவாள். உள்ளே ஒரு மேடை கேட்டு அவள் கொடுத்த மனு கைலாசநாதனின் அலமாரியில் நிழலில் சுகமாக இருந்தது.

"மேடை வேணும்னா இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா," என்று படிவத்தை நீட்டினார்.

"என்னா எழுதியிருக்கு?"

"மணிக்குப் போட்டேன்னு."

"நான் குடைக்குத்தானே போட்டேன்."

கைலாசநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "அதை ஏம்மா வெளியில சொல்ற? ஊரே போட்டுட்டுப் போவுது, நீயும் போட்டுட்டுப் போயேன்."

"ஐஸ்ல வச்ச மீனை இன்னைக்கு வந்ததுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, சார். உங்ககிட்ட மட்டும் என்னாத்துக்குச் சொல்றது?"

"குடைக்குப் போட்டவங்களுக்கு இதுல கட்டமே இல்லம்மா."

"அப்ப ஒரு கட்டம் போடுங்க. ஸ்கேல் இருக்குல்ல."

சரி, கிடக்கட்டும் என்று அவர் விட்டிருக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் பதிவேட்டை முடிக்க வேண்டுமே! மணிக்குப் போட்டவர்கள் 15,593. தேர்தல் முடிவுப்படி 7,953 போதும். 7,640 அதிகம். அது அவரை உறுத்தவில்லை, ஏனென்றால் இருப்பு கூடினால் தணிக்கையில் யாரும் கேட்பதில்லை, குறைந்தால்தான் கேட்பார்கள். குறைவது குடைப் பக்கம். அங்கே 7,641 ஓட்டுக்கு ஆள் காட்ட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரே ஒரு ஆள்தான் அகப்பட்டாள். கைலாசநாதன் மொத்தத்தையும் மாரியம்மாள் பேரில் எழுதி, குறிப்பாணையும் அனுப்பினார்: 'தாங்கள் ஒருவரே 7,641 வாக்குகளை அளித்தது எங்ஙனம் என்பதற்கு, இது கிடைக்கப்பெற்ற ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

மாரியம்மாள் கூடையோடு வந்து நின்றாள். "மெஷின்ல ஒரு தடவைதான் சார் அமுக்குனேன். கீ...ன்னு நீளமா கத்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

'ஓர் அழுத்தம், நீண்ட ஒலி' என்று எழுதி, கோப்பை மேலே அனுப்பினார்.

கோப்பைப் படித்த கதிரவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரே கையில் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று! கட்சியில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியும் அவர் கண்டிராத வாக்கு வங்கி. மறுநாள் காலை மார்க்கெட் வாசலில் ஜீப் நின்றது. வெயிலில் உட்கார்ந்திருந்த மாரியம்மாளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார். பாவம், அதற்கே அவளுக்கு இன்னும் வேர்த்தது.

"அடுத்த தடவை நம்ம பக்கம் கொஞ்சம் பார்த்துச் செய்யணும், அம்மா."

"எனக்கு நெழல்ல ஒரு எடம் போதும், தம்பி."

அரைமணி நேரத்தில் ஆணை வந்தது. காலியாகக் கிடந்த மூன்றில் நடு மேடை, மின்விசிறிக்கு நேர் கீழே.

நடந்தது ஊர் முழுக்கப் பரவ மீன் விற்றுத் தீர்கிற நேரம்கூட ஆகவில்லை. குடைக்குப் போட்டால் மேடை கிடைக்கிறது! அன்று சாயங்காலமே புதுச்சேரியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரு மாதம் இழுபறியாகக் கிடந்த ஆட்சி குடைக் கட்சிக்குப் போய்விட்டது. விடிந்ததும் அலுவலக வாசலில் மறுபடி வரிசை, இந்தத் தடவை பஸ் நிறுத்தத்தையும் தாண்டி.

"அன்னைக்குக் கண்ணாடி போட மறந்துட்டேன் சார். நான் அமுக்குனது குடைதான்."

"என் ஓட்டையும் சேர்த்து அந்த மீன்காரம்மா பேருல எழுதிட்டீங்களாமே? என் பங்கைப் பிரிச்சுக் குடுங்க."

படிவம் ஒன்றை ரத்துசெய்து, 'குடைக்கே வாக்களித்தேன்' என்கிற படிவம் இரண்டு அச்சானது. சோமசேகரன் முதல் ஆளாக வந்து, தான் தனக்கே போட்டுக்கொண்டதை ஒத்துக்கொண்டார். கைலாசநாதன் பத்து நாள் தலை நிமிராமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் கதிரவன் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு யாருமே போடலையா, கைலாசம்?"

"ரெண்டு பேர் இருக்கோங்க, ஐயா. நீங்களும் நானும்."

"ரெண்டு ஓட்டுல நான் எப்படிய்யா ஜெயிச்சேன்?"

"அது தேர்தல் துறைங்க. நமக்குச் சம்பந்தமில்லை."

கதிரவன் சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "படிவம் ரெண்டுல ஒண்ணு குடுங்க."

தனக்கே எதிராகத் தான் வாக்களித்ததாக அவர் கையெழுத்துப் போட்டார், கைலாசநாதன் சாட்சி போட்டார். அன்று மாலையே புதுச்சேரிக்குப் போய்க் குடைக் கட்சியில் சேர்ந்து, ஒரு வாரியத்துக்குத் தலைவராகி, ஊர்ப்பக்கமே திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் தொகுதி இரண்டாவது தடவையாகக் கட்சி மாறியது.

கைலாசநாதன் மாதக் கடைசியில் பதிவேட்டைத் திறந்தார். குடைக்குப் போட்டவர்கள் 15,593. மணிப் பக்கம் 7,953 ஓட்டுக்கு ஆள் காட்ட வேண்டும். மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தார். ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அவரும் படிவம் இரண்டு போட்டுவிடலாம் என்றால், ஊருக்கெல்லாம் சாட்சி போட்ட மனுஷனுக்குச் சாட்சி போட ஆள் இல்லை, தனக்குத் தானே போட்டுக்கொள்ள விதியும் இல்லை. விதியென்றால் விதிதானே. 'தாங்கள் ஒருவரே 7,953 வாக்குகளை அளித்தது எங்ஙனம்' என்று தன் பேருக்கே குறிப்பாணை எழுதி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஆளும் கட்சிக்கு எதிராக அத்தனை ஓட்டுப் போட்ட அரசு ஊழியரை வேறென்ன செய்வார்கள்? எட்டாம் நாள் ஏனாமுக்கு ஆணை வந்தது.

போவதற்கு முதல் நாள் மார்க்கெட்டுக்குப் போனார். தங்கம் வாங்கக் காசுக்கடையில் நிற்கிற மாதிரி மாரியம்மாள் மேடையைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்தில் ஒவ்வொருவராக அவர் பக்கம் நகர்ந்து, காதோடு காதாகச் சொன்னார்கள். "மனசுல வச்சுக்குங்க சார், உள்ளபடி நானும் மணிதான்." "நானுந்தான்." "எங்க வீட்டுல நாலும் மணிதான் சார்." சோமசேகரன் மட்டும் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கைலாசநாதன் கேட்டதும் எல்லாருக்கும் அவசரமாக மீன் வாங்க வேண்டியிருந்தது.

மாரியம்மாள் மீனை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நீங்க எத்தனை தடவை சார் அமுக்குனீங்க?"

"ஒரு தடவைதாம்மா."

"அதை எழுதுனீங்களா?"

"எழுதுனேன். கோப்புல சேர்த்தாச்சு."

அவள் ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கட்டினாள். "கவலப்படாதீங்க. ஏனாம்ல ஆத்து மீன் நல்லா இருக்குமாம்."