பழைய ஆம்ப்ளிஃபயர் போன வழி

புது ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பா அளவுதான். ஆடிட்டர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தார். அவர் மனைவி மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பெரிசு வாசலைத் தாண்டினப்புறம்தான் சின்னதுக்கு ப்ளக். ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது."

பெரிசு என்றால் சாதாரணப் பெரிசு இல்லை. பீரோவைப் பாதியாக வெட்டி வைத்தது மாதிரி கனம். கொஞ்ச நேரம் பாடினாலே அதன் தலையில் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுவிடலாம். ஆடிட்டருக்கு வீட்டிலேயே ஆபீஸ். பாட்டு ஓடாவிட்டால் அவருக்குக் கூட்டல் வராது. அதனால் அது காலையிலிருந்து பொழுது சாயும்வரை பாடும். அவர் வியர்த்து ஊற்றியபடி வேலை பார்ப்பார்.

நல்லவேளையாக, இணையத்தில் விளம்பரம் போட்டதுமே ஒரு பெண் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சத்தம் நன்றாக வருமா என்று மட்டும் கேட்டாளாம். ரசனை தெரிந்தவள் என்று ஆடிட்டர் பூரித்துப்போனார். தெருமுனை மருந்துக்கடை வாசலில் கைமாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

முதலில் தனியாகவே முயன்றார். அடியில் போர்வையைச் செருகி இழுத்தார். போர்வை வந்தது, பெரிசு வரவில்லை. தரையில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒரு தள்ளு தள்ளினார். இந்த முறை அது நிற்கவே இல்லை. நேராகப் போய்ச் செருப்பு அலமாரியின் காலை உடைத்துவிட்டுத்தான் நின்றது. மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மைத்துனன் ஜிம்மிலிருந்து நேராக வந்தான். இதெல்லாம் ஒரு கனமா என்றான். மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பேச்சு நின்றது. பெரிசு ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் கைப்பிடியையும் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. மேலே பள்ளி நாடகத்துக்குக் கிளம்பிய ஒரு குட்டி ராணி, கிரீடத்தோடு காத்து நின்றாள். கீழே தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு நின்றார்.

மேல் மூடியைக் கழற்றினால் அகலம் குறையும் என்று ஆடிட்டர் யோசனை சொன்னார். கழற்றினார்கள். மைத்துனன் உள்ளே கையை விட்டுப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அலறிக்கொண்டு கையை உதறினான்.

"என்ன மாமா, அடுப்பு மாதிரி கொதிக்குது?"

பிரிய மனமில்லாமல் காலையிலிருந்து அதைப் பாடவிட்டிருந்ததை ஆடிட்டர் மெல்ல ஒப்புக்கொண்டார். அந்த உதறலில் பிடி விட்டுப்போய், பெரிசு தானாகவே மிச்சப் படிகளைத் தடதடவென்று இறங்கியது. கேன்காரர் தப்பித்தார், கேன் தப்பவில்லை.

மருந்துக்கடை வாசலில் நர்ஸ் உடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆடிட்டருக்கோ கால் தரையில் பாவவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சின்னது பாடப்போகிறது. அந்தச் சந்தோஷத்தில், வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மைத்துனன் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவள் முன்னால் நடந்தாள். அவர்கள் வந்த தெருவிலேயே திரும்பினாள். அவர்கள் வெளியே வந்த கேட்டுக்குள்ளேயே நுழைந்தாள். மைத்துனன் பெரிசைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாலாவது மாடி. போன மாசம்தான் குடிவந்தேன். நைட் டியூட்டிங்கறதால யாரும் பழக்கமில்லை," என்றாள் அவள்.

ஆடிட்டர் குடியிருப்பது மூன்றாவது மாடி. தன் தலைக்கு மேலேயே ஒரு ரசிகையா என்று அவருக்கு ஒரே பரவசம். தன் வீட்டுக் கதவைத் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வெறும் மூச்சுதான் வந்தது. சரி, இறக்கி வைத்துவிட்டுச் சொல்லி அசத்துவோம் என்று விட்டுவிட்டார்.

அவள் வீட்டில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு தயாராக நின்றன. அண்ணனிடம் இரவல் வாங்கியதாம். ஆடிட்டர் மூடியைத் திருகி, வயர்களை ஆசை ஆசையாகப் பூட்டினார். தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் யார் என்று சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"ரொம்ப உபகாரம் சார். ஒரே ஒரு சந்தேகம். ஸ்பீக்கரைத் தரையைப் பார்த்துக் கவுத்து வச்சா, பகல் முழுக்கப் பாட்டைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிற கீழ்வீட்டு ஆளுக்கு நல்லாக் கேட்குமா?"